அரை ஷிப்டின் விலை

வாசகர் கடிதம்:

ஐயா, எனக்கு 29 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். அப்பா சாயப்பட்டறைத் தொழிலாளி. 2011-இல் பட்டறைகளை மூடியபோது பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கைமடி (டெய்லருக்கு உதவியாள்) வேலைக்கு வந்தேன். இப்போது ஷிப்டுக்கு 580 ரூபாய். மனைவி அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். மூன்று வயதில் ஒரு மகள். வீட்டுச் செலவு மாதம் 20,000 ரூபாய்க்குள் நின்றுவிடும். ஏழு வருடத்தில் 1,80,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். மைத்துனர் அதை ஏலச்சீட்டில் போடச் சொல்கிறார். நண்பர்கள் பழைய மெஷின் இரண்டு வாங்கி ஜாப் ஒர்க் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) எடுக்கச் சொல்கிறார்கள். எனக்கோ மெஷின் எப்படி ஓடுகிறது, பீஸ் ரேட்டை எப்படிப் போடுகிறார்கள் என்றெல்லாம் தெரிந்துகொள்ள ஆசை. லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்த துணியில் மட்டும் ஏன் அடிக்கடி தையல் விடுகிறது என்று கேட்டதற்கு, 'தைக்கிற வேலையைப் பார்' என்றார் சூப்பர்வைசர். என் அப்பா வெளியில் ஒரு டீ கூடக் குடிக்க மாட்டார். முப்பது வருடம் அப்படி இருந்தவர் இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். சிக்கனமும் கற்றுக்கொள்ளும் ஆசையும் எங்களைப் போன்றவர்களை உண்மையிலேயே உயர்த்துமா, இல்லை அது மேடைப் பேச்சுதானா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் பணத்தைப் பற்றிய கேள்வியைவிட அப்பாவைப் பற்றிய வரிதான் என்னை நிறுத்திவைத்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கொங்குப் பகுதியில் ஒரு வங்கியின் சிறுதொழில் கடன் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பதை நிறுத்த வேண்டும் என்று 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. ஆற்றுக்கும் ஆற்றை நம்பிய விவசாயிகளுக்கும் அந்த உத்தரவு தேவையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் சுமை முதலில் இறங்கியது உங்கள் அப்பாவைப் போன்றவர்களின் தலையில். அந்த மாதங்களில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, கொடியை மட்டும் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்த பெண்களை வரிசையாகப் பார்த்தேன். அவர்களில் பலர் அதைத் திருப்பவில்லை. நகை இல்லாதவர்கள் கந்துவட்டிக்குப் போனார்கள்.

உங்கள் குடும்பம் அந்த வருடத்தைக் கடனில் மூழ்காமல் கடந்ததா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். கடந்திருந்தால், குடிக்காத அந்த டீக்கள்தான் அதற்குக் காரணம். அவருடைய சிக்கனம் வீடாக நிற்கவில்லை என்று வருந்துகிறீர்கள். அது நீங்களாக நிற்கிறது. 15 வயதில் வேலைக்கு வந்தீர்கள் என்பது எனக்கும் வலிக்கிற செய்திதான். ஆனால் வந்தபோது அப்பாவின் வட்டியை அடைக்க வரவில்லை என்றால், உங்கள் முதல் சம்பளம் உங்கள் வீட்டுக்கே வந்தது. அது சின்ன விஷயமல்ல.

சிக்கனம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கூலி குறைவாக இருக்கிற வீட்டில் சிக்கனம் சரிவைத் தடுக்கும். ஏற்றிவிடாது. மாதம் 4,000 ரூபாய் மிச்சம் பிடித்தால் பத்து வருடத்தில் 4,80,000 ரூபாய், அதன்மேல் வட்டி. திருப்பூரில் அதற்குள் நிலத்தின் விலை எங்கே போய் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். 'டீயைக் குறை, சினிமாவைக் குறை, பணக்காரனாகிவிடலாம்' என்று உழைக்கிறவனிடம் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஏழை செலவாளி என்பதால் ஏழையாக இல்லை. நான் பார்த்தவரையில் ஏழை வீட்டில் நடக்கிற அளவுக்குக் கணக்கு எந்த வீட்டிலும் நடப்பதில்லை.

அப்படியானால் சேர்த்த பணம் எதற்கு? உங்கள் 1,80,000 ரூபாயை மாதச் செலவு 20,000-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒன்பது மாதம் வருகிறது. ஒன்பது மாதம் கூலி இல்லாமல் நிற்கக் கூடிய டெய்லர் உங்கள் லைனில் எத்தனை பேர் இருப்பார்கள்? மற்றவர்கள் 'இன்று ஒன்றரை ஷிப்ட்' என்று சொன்னவுடன் தலையாட்டியாக வேண்டும். நீங்கள் மட்டும் வாரத்தில் சில நாள் 'இன்று முடியாது' என்று சொல்லலாம். ஏழு வருடச் சிக்கனம் உங்களுக்கு வாங்கித் தந்திருப்பது அந்த உரிமையைத்தான். அதை இன்னும் நீங்கள் எடுத்துப் பயன்படுத்தவில்லை.

இதைச் சொல்லும்போது மைக்கேல் ஃபாரடேயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பள்ளிப் பாடத்தில் மின்சாரத்தோடு அவர் பெயரைப் படித்திருப்பீர்கள். லண்டனில் 1791-இல் பிறந்த கொல்லர் மகன் அவர். அப்பா நோயாளி. 1801-இல், தானியம் விலையேறிய காலத்தில், ஒன்பது வயதுப் பையனுக்கு ஒரு முழு ரொட்டியைக் கொடுத்து, அது ஒரு வாரத்துக்கு என்று சொன்ன வீடு. 13 வயதில் ஒரு புத்தகக் கடையில் எடுபிடி வேலை, மறுவருடம் அதே கடையில் புத்தகம் பைண்டிங் செய்யும் தொழிலுக்கு ஏழு வருட ஒப்பந்தம். தைக்க வந்த புத்தகங்களைப் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை கையில் மாட்டியதும் அங்கேதான். நகரில் ஓர் அறிவியல் வகுப்பு நடந்தது, ஒரு வகுப்புக்கு ஒரு ஷில்லிங். அந்த ஷில்லிங்கைக் கொடுத்தவர் அவருடைய அண்ணன். அவரும் கொல்லர்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது 1812 கோடையில் நடந்தது. மின்கலம் ஒன்றைத் தானே செய்து பார்க்க வேண்டும் என்று ஃபாரடேக்கு ஆசை. துத்தநாகத் தகட்டை அரைப் பென்னி நாணயத்தின் அளவுக்கு ஏழு வட்டமாக வெட்டினார். செம்புத் தகட்டுக்கு எங்கே போவது? அந்தக் காலத்து அரைப் பென்னி செம்புக் காசு. ஏழு காசுகளை எடுத்து, துத்தநாகமும் செம்புமாக மாற்றி மாற்றி அடுக்கி, நடுவே உப்பு நீரில் நனைத்த காகிதத்தைச் செருகினார். மின்சாரம் வந்தது. நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஆச்சரியக்குறியாகப் போட்டுத் தள்ளியிருக்கிறார். நானே வெட்டினேன், நானே அடுக்கினேன் என்று இருபது வயதுப் பையன் குதிக்கிற குதி அது.

அந்த ஏழு காசைப் பாருங்கள் தம்பி. அவர் அவற்றைத் தின்றுவிடவும் இல்லை, உண்டியலில் போட்டுப் பூட்டவும் இல்லை. காசாக இருந்ததைச் செம்பாக எடுத்துத் தன் கேள்விக்குக் கொடுத்தார்.

அதே ஆண்டு ஹம்ஃப்ரி டேவி என்ற பெரிய வேதியியல் அறிஞரின் சொற்பொழிவுகளுக்குக் கடை வாடிக்கையாளர் ஒருவர் டிக்கெட் கொடுத்தார். நான்கு சொற்பொழிவுகள். ஃபாரடே குறிப்பெடுத்தார், வீட்டில் படங்களோடு விரித்து எழுதினார், பிறகு தன் கையாலேயே பைண்டிங் செய்து டேவிக்கு அனுப்பினார். ஏறத்தாழ 300 பக்கம். உடனே வேலை கிடைத்துவிடவில்லை. ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் அடிதடி செய்து வேலையை இழந்த பிறகு, 1813 மார்ச்சில்தான் அந்த இடம் இவருக்கு வந்தது. மின்சாரத்தால் தொடர்ந்து சுழற்சியை உண்டாக்கலாம் என்பதை 1821-இல் முதலில் செய்து காட்டியவர் இவர். உங்கள் ஓவர்லாக் மெஷின் மோட்டாரின் வேர் அங்கே இருக்கிறது.

எங்கோ லண்டன், எப்போதோ 200 ஆண்டுக்கு முன்பு என்று தோன்றினால், அவினாசி ரோட்டிலேயே வாருங்கள். கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி.நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோவையில் ஒரு ஓட்டலில் சப்ளையராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கியதும் முதலில் செய்தது, அதைப் பாகம் பாகமாகப் பிரித்து மீண்டும் பூட்டியது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அவருடைய முதல் பஸ் ஓடியது. அவருடையது விவசாயக் குடும்பம், உங்கள் நிலையும் அவர் நிலையும் ஒன்றல்ல. அதை மறைக்க மாட்டேன். திருப்பூரிலும் மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள் முதலாளிகளானது உண்மை. ஆனால் அவர்களில் பலருக்கு விற்கவோ அடகு வைக்கவோ ஊரில் ஒரு துண்டுக் காடு, அதாவது விவசாய நிலம், இருந்தது, ஜாமீன் கையெழுத்துப் போட உறவுக்காரர் இருந்தார். காடும் உறவும் இல்லாதவர்கள் அதே உழைப்போடு அதே மெஷினில் தங்கிவிட்டார்கள். பெண்கள் கதை இன்னும் மோசம். உங்களுக்குக் காடு இல்லை. அந்தக் காட்டின் இடத்தில் எதை வைப்பது என்பதே நம் கேள்வி.

என் மேசைக்கு ஒருவர் வந்தார், பல வருடத்துக்கு முன்பு. பிளாட்லாக் டெய்லர். நான்கு மெஷினுக்குக் கடன் கேட்டார். பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்றேன். இல்லை என்று சொல்லிவிட்டு, மஞ்சள் பையிலிருந்து மூன்று நீள நோட்டுகளை எடுத்து வைத்தார். மூன்று வருடக் கணக்கு. எந்த ஸ்டைலில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை பீஸ், ஒரு கோன் நூல் எத்தனை பீசுக்கு வந்தது, எந்தத் துணியில் எத்தனை ஊசி உடைந்தது, மின்தடை எத்தனை மணி நேரம், அக்கம்பக்கத்து ஜாப் ஒர்க்காரர்களுக்கு எந்தப் பார்ட்டி எத்தனை நாளில் பணம் கொடுத்தது. கடைசி விவரத்தை எப்படிச் சேகரித்தீர்கள் என்று கேட்டேன். 'டீக்கடையில் கேட்டுக் கேட்டு எழுதினேன் சார்' என்றார். பக்க ஓரங்களில் மெஷின் எண்ணெய் விரல் தடம் பதிந்திருந்தது. சொத்து ஈடு இல்லாத சிறுதொழில் கடனுக்கு உத்தரவாதம் தரும் அரசுத் திட்டம் 2000-இலிருந்தே நடப்பில் இருக்கிறது. அந்த நோட்டின் பக்கங்களை நகலெடுத்து விண்ணப்பத்தோடு இணைத்து, அந்தத் திட்டத்தில் அவருக்குக் கடன் போட்டேன். ஒரு தவணை தவறவில்லை.

அதே காலத்தில் சீட்டு எடுத்து, மெஷின் வாங்கி, ஆறே மாதத்தில் வந்த விலைக்கு விற்றவர்களையும் பார்த்தேன். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. ராப்பகலாகத் தைத்தார்கள். ரேட்டில் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாமல் ஒப்புக்கொண்டார்கள், தவறைத் திருத்தும் ஆல்ட்ரேஷனுக்குப் பிடித்தம் போனது, பணம் மூன்று மாதம் கழித்து வந்தது. சிறுதொழில் செய்கிறவருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், அது இருந்தால் முறையிடலாம். ஆனால் இரண்டு மெஷின் வைத்திருப்பவர் முறையிட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று பயப்படுகிறார். ஆகவே மூன்று மாதக் கூலியும் நூலும் கையில் இல்லாமல் ஜாப் ஒர்க்கில் இறங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இப்போது மெஷின் வேண்டாம்.

ஏலச்சீட்டும் இப்போது வேண்டாம். உங்களிடம் மொத்தமாகப் பணம் இருக்கிறது. சிறுகச் சிறுகக் கட்டி மொத்தமாக எடுக்கிற ஏற்பாடு உங்களுக்குத் தேவையில்லை. மைத்துனர் வருத்தப்பட்டால், சீட்டு 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ததா என்று மட்டும் கேளுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடலாம்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள். 1,20,000 ரூபாய், அதாவது ஆறு மாதச் செலவு, தொடக்கூடாத பணம். இதில் இரண்டு மாதத்துக்கானதைச் சேமிப்புக் கணக்கிலும் மீதியை வங்கி அல்லது தபால் நிலைய வைப்பிலும் போடுங்கள். இருவர் பெயரிலும் விபத்துக் காப்பீடு (வருடம் 20 ரூபாய்), ஆயுள் காப்பீடு (வருடம் 436 ரூபாய்) ஆகிய இரண்டு அரசுத் திட்டங்களையும் வங்கியில் கேட்டுச் சேர்ந்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் 2 லட்சம் ரூபாய் பாதுகாப்பு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கிற உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, பி.எஃப். கணக்கில் பணம் ஏறுகிறதா என்பதையும் பாருங்கள். ஏறவில்லை என்றால் உங்கள் கூலியில் ஒரு பகுதி உங்களுக்கு வரவில்லை என்று பொருள்.

மீதி 60,000 ரூபாய். இதுதான் உங்கள் அரைப் பென்னிகள்.

ஒரு அரை ஷிப்ட் 290 ரூபாய். வாரத்தில் இரண்டு நாள் மாலையில் ஒன்றரை ஷிப்ட் பார்க்காமல் வெளியே வந்தால் வாரம் 580 ரூபாய் இழப்பு. 52 வாரத்துக்கு 30,160 ரூபாய். அதாவது ஒரு வருடத்தில் 104 மாலைகளை நீங்கள் முப்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கிவிடலாம். வீட்டுச் செலவில் கைவைக்காமல், சேமிப்பிலிருந்து அந்த 580 ரூபாயைச் சனிக்கிழமைதோறும் மனைவி கையில் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுங்கள். அப்போதுதான் இந்தப் படிப்பு வீட்டுக்குப் பாரமாகத் தோன்றாது. மற்ற முப்பதாயிரம் பயிற்சிக் கட்டணத்துக்கு. முதலிபாளையத்தில் இருக்கிற நிஃப்ட்-டீ கல்லூரியிலும் அரசு உதவி பெறும் ஆடைப் பயிற்சி மையங்களிலும், வேலை பார்க்கிறவர்கள் சேரக்கூடிய குறுகிய காலப் பயிற்சி என்னென்ன இருக்கிறது என்று நேரில் போய் விசாரியுங்கள். பேட்டர்ன், மெஷின் மெக்கானிக் வேலை, காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு) மூன்றில் எது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் மெஷின்தான் உங்களைக் கூப்பிடுகிறது என்று எனக்குப் படுகிறது.

கூடவே ஒரு நீள நோட்டு. தினம் ஒரு கேள்வி, கிடைத்த பதில், யார் சொன்னார், சரியாக இருந்ததா. 160 ஜி.எஸ்.எம். (துணியின் கனத்தைச் சொல்லும் அளவு) துணிக்கும் 220-க்கும் வேகம் ஏன் மாறுகிறது, உடம்புத் துணியோடு கையை வைத்துத் தைப்பதற்கு இந்த ரேட் எப்படி வந்தது, இந்த மாதிரி. பெரிய கேள்வி தேவையில்லை. ஃபாரடே பைண்டிங் மேசையை விட்டு ஓடிப்போய்ப் படிக்கவில்லை, மேசைக்கு வந்ததைப் படித்தார். கடைசியில் டேவியைக் கவர்ந்த புத்தகத்தைக் கட்டியதும் அந்தக் கைத்தொழில்தான். உங்கள் மேசைக்கு என்ன வருகிறதோ அதில் தொடங்குங்கள்.

மனைவியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். செக்கிங் மேசைக்குத்தான் லைன் முழுவதின் தவறும் வந்து சேர்கிறது. எந்த மெஷினில் தையல் விடுகிறது, எந்த டெய்லர் களைத்துப்போனபின் தோள் தையல் கோணுகிறது என்பதெல்லாம் அவருக்குக் கண்பார்வையிலேயே தெரிந்திருக்கும். உங்கள் நோட்டில் பாதிப் பதில்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. தரக்கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கு அவருக்கும் ஆசை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் 104 மாலைகளில் பாதி அவருடையது. அந்த மாலைகளில் மகளைப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

இனி அந்த டீ. அப்பா வெளியில் டீ குடிக்காததற்குக் காரணம் இருந்தது, அந்தக் காசு வீட்டுக்கு வேண்டியிருந்தது. ஆனால் அந்த டீக்கடையில் மெக்கானிக் நின்றார், கட்டிங் மாஸ்டர் நின்றார், அடுத்த கம்பெனியில் ஆள் எடுக்கிற செய்தி நின்றது. அவை எதுவும் அப்பாவின் காதுக்கு வரவில்லை. உங்கள் சிக்கனத்தில் இந்த ஒரு கதவை மட்டும் திறந்து வையுங்கள். மெக்கானிக்குக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அந்தக் கணக்கை நோட்டில் எழுத வேண்டாம்.

ஒரு வருடம் கழித்து நோட்டும் பயிற்சியும் கையில் இருக்கும்போது, மெஷின் வாங்கலாமா என்ற கேள்வியை மறுபடி எழுதுங்கள். சிறுதொழிலுக்கான அரசின் முத்ரா கடனா, வேறு திட்டமா என்று அப்போது பார்ப்போம். அதற்குள் கம்பெனியிலேயே மெக்கானிக் பிரிவுக்கு மாறும் வாய்ப்பு வந்தால், முதல் சில மாதம் சம்பளம் குறைந்தாலும் போய்விடுங்கள். அந்தக் குறைவைத் தாங்கத்தான் ஆறு மாதச் செலவு தனியாக இருக்கிறது.

உங்கள் லைக்ரா கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாது. அனுபவம் உள்ள ஒரு மெஷின் மெக்கானிக்கிடம் உங்கள் கடிதத்தின் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். ஊசி கீழே போய் மேலே எழும்போது நூல் சின்ன வளையமாக விரியும், அந்த வளையத்தை லூப்பர் (ஊசியோடு சேர்ந்து தையல் போடும் கொக்கி) பிடித்தால்தான் தையல் விழும். இழுபடுகிற துணி ஊசியோடு ஒட்டிக்கொண்டு மேலேறுவதால் வளையம் சரியாக விரிவதில்லை, லூப்பர் வெறுமனே கடந்து போகிறது. கூர் ஊசி போட்டிருந்தால் முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசிக்கு மாற்றிப் பார்க்கட்டும், அப்படியும் விட்டால் லூப்பருக்கும் ஊசிக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். முதலில் ஊசியை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும். நூறு பீசில் எத்தனை இடத்தில் தையல் விட்டது என்று முன்னும் பின்னும் எண்ணி எனக்கு எழுதுங்கள். அவரும் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறார்.